தொடாமல் அணைந்த பச்சை விளக்கு

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், கரண்ட்டைப் பிடுங்குகிற வேலை என்பேன். கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். உண்மையும் அதுதான். சென்னையில் மூன்றே அறைகளில் ஓடுகிற ஒரு சின்ன கம்பெனி, அது செய்கிற பெட்டிகளைச் சோதித்துப் பார்ப்பவள் நான். ஆபீஸ் அங்கே, நான் இங்கே, அடி அண்ணாமலையில் அம்மா வீட்டு முன்னறையில். கிரிவலப் பாதையை ஒட்டின வீடு. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், மூடினாலும் ஸ்பீக்கர் சத்தம் கேட்கும்.

பெட்டி என்றால் காது கேளாத அப்பா அம்மாக்களுக்கான பெட்டி. தொட்டில் பக்கத்தில் வைத்துவிட்டால் குழந்தை அழுவதை அது கேட்கும். கேட்டவுடன், தலையணைக்கு அடியில் நாம் வைத்திருக்கிற தட்டையான வில்லை ஒன்றைக் கிடுகிடுவென்று அதிரவைக்கும். தூங்குகிறவர் எழுந்துகொள்வார். அவ்வளவுதான் விஷயம்.

வெறும் ஆபீஸ் வேலையாக இருந்திருந்தால் நான் அந்தப் பெட்டியோடு இத்தனை மல்லுக்கு நின்றிருக்க மாட்டேன். என் தங்கைக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவள் விரும்பிக் கட்டிக்கொண்டவருக்கும் கேட்காது. அவர் ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்கள் வருகிற ஒரு கஃபேயில் ரொட்டி சுடுகிறார். அந்தத் தெருவிலேயே இரண்டு அறை வாடகை வீடு. ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுத் தங்கையை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி குழந்தை பிறந்து மூன்றாவது மாதமோ ஐந்தாவது மாதமோ தாயையும் பிள்ளையையும் புருஷன் வீட்டுக்குக் கொண்டுபோய் விடவேண்டும். அம்மா முன்கூட்டியே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"அனுப்ப மாட்டேன். கொழந்த நடந்து வந்து அவ முந்தானைய இழுக்கற வரைக்கும் இங்கதான். ராத்திரில அழுதா ரெண்டு பேர்ல யாருக்குடி கேக்கும்?"

தங்கை உதட்டைப் படித்து எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். பதிலுக்குக் கைகளை ஆட்டவில்லை. போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினாள். அவள் வீட்டு உத்திரத்தில் புருஷன் அடித்துவைத்த தூளிக் கொக்கி. அதில் ஒரு சிவப்பு ரிப்பன்கூடக் கட்டியிருந்தார் அந்த மனுஷன். அம்மா போட்டோவைப் பார்த்தார், அரிசி களையப் போய்விட்டார். அந்தக் கொக்கியில் அந்தத் தூளி தொங்குமா தொங்காதா என்பது பெட்டி கையில் இருந்தது. பெட்டி என் கையில் இருந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று.

ஏனென்றால் பெட்டியில் ஒரு கோளாறு. கரண்ட் போய் வந்தால் எப்போதாவது ஒருமுறை அது எழுந்திருப்பதில்லை. எப்போது, ஏன் என்று ஆபீஸில் ஒருவருக்கும் தெரியவில்லை. எப்போதாவது வருகிற கோளாறைப் பிடிக்க ஒரே வழி, சலிக்காமல் கரண்ட்டை நிறுத்தி நிறுத்தி விடுவதுதான். முதல் நாள் கையாலேயே செய்தேன். வயரைப் பிடுங்கு, செருகு, பெட்டி எழுந்ததா பார், மறுபடி பிடுங்கு. சாயங்காலத்துக்குள் கட்டைவிரல் வீங்கிவிட்டது. பக்கத்தில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள். இதற்காகவா நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தாய் என்று கையால் கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே அலமாரியைக் குடைந்து ஒரு பழைய யூஎஸ்பி ஹப்பை எடுத்தேன்.

ஹப் என்பது கம்ப்யூட்டரின் ஒரு யூஎஸ்பி துளையைப் பல துளைகளாக ஆக்கிக் கொடுக்கிற டப்பா. நாலு பெட்டிகளை அதில் செருகினேன். கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வரி கட்டளை அனுப்பினால், எந்தத் துளை வேண்டுமோ அந்தத் துளைக்கு மட்டும் ஹப் கரண்ட்டை நிறுத்தும், இன்னொரு வரிக்கு மறுபடி விடும். வயரைத் தொடவே வேண்டாம். இதை ஒரு சின்ன புரோகிராமாக எழுதிவிட்டேன். கரண்ட்டை நிறுத்து. கொஞ்சம் பொறு. விடு. எழுந்தாயா என்று பெட்டியைக் கேள். எழுந்தேன் என்றால், குழந்தை அழுகிற ஒலியை ஸ்பீக்கரில் போடு. வில்லை அதிர்ந்ததா பார். அதிர்ந்தால் பாஸ் என்று எழுது. மறுபடி முதலிலிருந்து.

ஓடவிட்டேன். பாஸ், பாஸ், பாஸ் என்று திரை நிரம்பியது. நாள் பூராவும் ஓடியது, அடுத்த நாளும் ஓடியது. ஒரு தோல்விகூட இல்லை. கரண்ட் இருந்தால் எரிகிற பச்சை விளக்கு ஒவ்வொரு பெட்டியிலும் உண்டு, நான் திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கோளாறெல்லாம் ஆபீஸ்காரர்களின் கற்பனை என்று முடிவுகட்டும் நிலைக்கு வந்துவிட்டேன்.

வீட்டில்தான் நிம்மதி போயிற்று. ஸ்பீக்கரில் அந்தக் குழந்தை விடாமல் அழுதது. இன்னும் பிள்ளை பிறக்காத வீட்டில் மெஷினை வைத்துக் குழந்தையை அழவைக்கிறாயே, உனக்கு அறிவு இருக்கிறதா என்று அம்மா தினமும் ஒரு பாட்டு பாடினார். எதிர்வீட்டு அக்கா, பிரசவம் ஆகிவிட்டதா, சொல்லவே இல்லையே என்று கோபித்துக்கொண்டு போனாள். தங்கைக்கு மட்டும் ஒரு தொந்தரவும் இல்லை. அவள் ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். அழுகை எப்படி ஏறி இறங்குகிறது என்று கையால் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கும்போது நான் எழுந்து காபி போடப் போய்விடுவேன்.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. அம்மா விடுவாரா? அரிவாள்மணை, மிக்ஸி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். லேப்டாப்புக்கு ஒரு பொட்டு. நாலு பெட்டிக்கும் நாலு பொட்டு, நெற்றியில் வைப்பதுபோல் சரியாகப் பச்சை விளக்கின்மேல். ஹப்பின் வரிசை விளக்குகள்மேல் விபூதிப் பட்டை மாதிரி சந்தனத்தை இழுத்தே விட்டார். இன்றைக்கு ஒரு நாளாவது அதற்கு ஓய்வு கொடு என்றார். நான் எங்கேம்மா வேலை செய்கிறேன், அது தானாக ஓடுகிறது என்றேன். பூஜைப் பொட்டைத் துடைக்கக்கூடாது, தானாக உதிரவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். ஆகவே பொட்டு இருந்தது, சந்தனம் காய்ந்து ஓடாகியது, சோதனையும் பாஸ் பாஸ் என்று ஓடியது.

ஐந்தாறு நாளில் பௌர்ணமி. பௌர்ணமி என்றால் அம்மா வாசலில் ஸ்டூல் போட்டு அவித்த வேர்க்கடலையும் லெமன் ஜூஸும் விற்பார். சாயங்காலம் பாதை நிரம்பிவிட்டது. உள்ளே என் ஸ்பீக்கர் குழந்தை அழுகிறது. நடந்துபோகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஓர் அம்மா வெறுங்காலோடு வாசலுக்கே ஏறிவந்து எங்கள் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, அவ்ளோ நேரமா புள்ள அழுவுது, நீ இங்க கடல வித்துக்கினு கீறியே, உனக்கு மனசாட்சி இருக்குதா?" சாமி கும்பிட வந்தவர்களிடம் திட்டு வாங்கிய எங்கள் அம்மா அனல் கக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். புரோகிராமையும் கரண்ட் நிறுத்திய நிலையிலேயே நிற்கவைத்தேன். நாலு துளையும் ஆஃப் என்று திரை சொன்னது. நான் அம்மாவோடு வாய்ச்சண்டையில் இறங்கினேன்.

என் தொடையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. தங்கை கூப்பிடுகிற விதம் அது. அவள் மடியிலிருந்த வில்லையை எடுத்து என் உள்ளங்கையில் அழுத்தினாள். வில்லை அதிர்ந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கர் நின்றுவிட்டது, திரையில் ஆஃப், என் கையில் அதிர்வு. ஒரு நிமிஷம் எனக்கு மூளையே ஓடவில்லை. அப்புறம்தான் வெளியே கேட்டது. யாரோ ஒருவர் தோள்மேல் உட்கார்ந்திருந்த குழந்தை, பலூனை விட்டுவிட்டு, ரோடே கிடுகிடுக்க அழுதுகொண்டு போனது. செத்துக்கிடப்பதாகத் திரை சொன்ன பெட்டி அதைக் கேட்டிருக்கிறது.

நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினேன். அடியில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அடுத்த பெட்டி, அதுவும் எரிந்தது. பூஜைப் பொட்டைச் சுரண்டுகிறாளே பாவி என்று அம்மா ஒரு பக்கம் கத்துகிறார். எனக்கு அதெல்லாம் காதில் விழவே இல்லை.

அந்த ஹப் ஓர் ஆமாஞ்சாமி. நிறுத்து என்றால் நிறுத்திவிட்டேன் என்னும், விடு என்றால் விட்டுவிட்டேன் என்னும். துளைக்குத் துளை கரண்ட்டை வெட்டுகிற சுவிட்சே அதன் உள்ளே கிடையாது. கம்ப்யூட்டரோடு பேசுகிற இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டுக் கரண்ட்டை அப்படியே விட்டுக்கொண்டிருந்தது. மலிவு ஹப்புகள் பலவும் இப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எழுந்தாயா என்று நான் கேட்டபோதெல்லாம் பெட்டி எழுந்தேன் என்றது. எழுவது என்ன, அது தூங்கவே இல்லை. இத்தனை நாள் பாஸும் வெறும் காற்று. அந்தப் பெட்டியை நம்பித்தான் தங்கையை அனுப்பச் சொல்லி அம்மாவிடம் வாதாட இருந்தேன்.

ஆபீஸுக்குப் போன் போட்டு ஒரு பாட்டம் கத்தினேன். முதலாளி பொறுமைசாலி. கத்தி முடிக்கிற வரைக்கும் கேட்டுவிட்டு, துளைக்குத் துளை நிஜமாகவே சுவிட்ச் வைத்த ஹப் ஒன்றை கூரியரில் அனுப்பினார். அது வருவதற்குள் தங்கைக்கு வலி எடுத்துப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. கறுப்பாக, கொழுக்கட்டை மாதிரி, எங்கள் அம்மாவின் கோபத்தோடு பிறந்தது.

புது ஹப்பைச் செருகின காலையை நான் மறக்க மாட்டேன். இந்த முறை பொட்டு கிட்டு எதுவும் இல்லை. விளக்குகளை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்தேன், வோல்ட் அளக்கிற மீட்டரின் முனை இரண்டையும் முதல் துளையின் கம்பிகளில் தொட்டுவைத்தேன். ஐந்து காட்டியது. ஒரு வரி அடித்தேன், என்டர் தட்டினேன். மீட்டர் சரிந்து பூஜ்யத்தில் நின்றது. பச்சை விளக்கு அணைந்தது. பக்கத்துப் பெட்டிகள் மூன்றும் எதுவும் நடக்காததுபோல் எரிந்தன.

பத்து வருஷமாக கம்ப்யூட்டரைக் கட்டி அழுகிறவள் நான். எத்தனையோ வரி எழுதியிருக்கிறேன். எல்லாம் திரைக்குள்ளேயே நடக்கும், திரைக்குள்ளேயே முடியும். இது வெளியே நடந்தது. நான் எழுதிய சொல் கம்பிக்குள் போய், அங்கே ஓடிக்கொண்டிருந்த கரண்ட்டை நில் என்றது, அது நின்றது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மலையைத் தினமும் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது, கோபுரமும் பழகிவிட்டது. இந்த அற்பப் பச்சை விளக்கைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. சொன்னால் சிரிப்பார்கள், வந்தது உண்மை.

தங்கை என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு மறுகை விரலால் என்டர் தட்டினாள். விளக்கு வந்தது. தட்டினாள், போனது. ஒவ்வொரு பெட்டியாக அணைத்து ஒவ்வொன்றாக எழுப்பினாள். வாயைத் திறந்து சத்தமாகச் சிரித்தாள். அவள் சிரிக்கும் சத்தம் அவளுக்குத் தெரியாது, எங்களுக்குத்தான் அது சொத்து.

அம்மா நம்பவில்லை. அடுத்த வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போட நானும் தங்கையும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். அங்கிருந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, மேஜை முன்னால் நிற்கச் சொன்னேன். கைப்பையிலிருந்த லேப்டாப்பைத் திறந்து, வீட்டில் ஹப்போடு மாட்டிவிட்டு வந்த பழைய கம்ப்யூட்டர் வழியாக ஹப்புக்கு ஒரு வரி அனுப்பினேன். போனில் அம்மா முகம் மட்டும் தெரிந்தது. மேஜைப் பக்கம் குனிந்து பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அணஞ்சிடிச்சிடி. யாரும் தொடல. நான்தான் நிக்கறனே, யாரும் தொடல." மறுபடி எரியவிட்டேன். அம்மாவின் ஒரு கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இருந்தும் தங்கையை அனுப்புவதாக அவர் சொல்லவில்லை. விளக்கு அணைவது வேறு, குழந்தை அழுவது வேறு என்றார். அதில் தப்பு சொல்ல முடியாது.

உண்மையான சோதனை அதற்கப்புறம்தான். நம் ஊர் கரண்ட் மணிக்கணக்கில் போவதைவிட, கண் சிமிட்டும் நேரம் போய்விட்டு வருவதுதான் ஜாஸ்தி. ஃபேன்கூட நிற்காது, ட்யூப் லைட் ஒரு துடி துடிக்கும், அவ்வளவுதான். அந்தச் சிமிட்டலைக் கையால் யாராலும் செய்ய முடியாது, விரல் வயரைப் பிடிப்பதற்குள் அது முடிந்துவிடும். இந்த ஹப் செய்தது. இவ்வளவு நேரம் நிறுத்து என்றால் அவ்வளவே நிறுத்தியது. கொஞ்சம் கூட்டினேன், கொஞ்சம் குறைத்தேன், மயிரிழை மயிரிழையாக.

ஸ்பீக்கரில் வேறு யாரோ பெற்ற குழந்தை எதற்கு, என் மகள் அழுவதைப் போடு என்று தங்கை சொன்னாள். அதற்குப் பஞ்சமா, போனில் பிடித்துப் போட்டுவிட்டேன். மகள் பக்கத்தில் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறாள், மகளின் அழுகை ஸ்பீக்கரில் ஓடுகிறது, தங்கை கையில் வில்லை. ஒவ்வொரு முறை அது அதிரும்போதும் எனக்குத் தலையை ஆட்டிக் காட்டுவாள்.

ஒரு முறை ஆட்டவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். பெட்டியில் விளக்கு பச்சையாக எரிந்தது. ஸ்பீக்கரில் அழுகை போய்க்கொண்டிருந்தது. தங்கை வில்லையைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

அழுகிறாளா என்று கையால் கேட்டாள்.

அழுகிறாள் என்றேன்.

எனக்கு ஒன்றும் வரவில்லையே என்றாள். கை அதோடு நின்றுவிட்டது.

கிடைத்துவிட்டது. கரண்ட் அந்த ஒரு மெல்லிய அளவு நேரம் மட்டும் போய் வந்தால் பெட்டி முழுசாகச் சாவதும் இல்லை, முழுசாக எழுவதும் இல்லை. விளக்கு எரிகிறது, கேட்கிற பாகம் அப்படியே உறைந்து நிற்கிறது. விளக்கு அணைந்திருந்தாலாவது பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மாதக்கணக்கில் தேடிய கோளாறு கையில் கிடைத்த சந்தோஷம் எனக்கு வந்திருக்கவேண்டும். வரவில்லை. தங்கை முகத்தைத்தான் பார்த்தேன். அவள் தூங்கும் மகளை வாரி எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் போய் நின்றாள். அன்று முழுக்க அவள் மேஜைப் பக்கம் வரவில்லை.

ஆபீஸில் நாலு பேர் மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கரண்ட் நிலையாக வரும்வரை பெட்டியை எழவிடாத ஒரு சின்ன உறுப்பை உள்ளே சேர்த்தார்கள். காது வேலை செய்கிறதா என்று பெட்டி தன்னைத்தானே விடாமல் கேட்டுக்கொள்ளும். பதில் வராவிட்டால் தானே அணைந்து மறுபடி எழும். மாற்றிய பெட்டிகள் வந்தன. ஹப்பில் செருகினேன். நான் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அம்மா குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போதும் அவை சாவதும் எழுவதுமாக இருந்தன. வேலை ஓய்ந்தபோதெல்லாம் நான் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். எத்தனை பார்த்தாலும் அலுக்கவில்லை. அந்த மெல்லிய இடைவெளியிலேயே தை மாதம் பூராவும் கரண்ட்டை நிறுத்தி நிறுத்தி விட்டேன். ஒரு பெட்டியும் உறையவில்லை.

ஐந்தாவது மாதம் அம்மா தங்கையை அனுப்பச் சம்மதித்தார். சம்மதம் என்ன சம்மதம், கூடவே தானும் ஒரு பெரிய பையில் புடவைகளை அடைத்துக்கொண்டு கிளம்பினார். எப்போது திரும்புவீர்கள் என்று மாப்பிள்ளை சைகையில் கேட்டதற்குக் குழந்தை நடக்கட்டும் என்று தரையில் இரண்டு விரலை நடக்கவிட்டுக் காட்டினார். மாப்பிள்ளை சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் நானும் அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். மாப்பிள்ளை கஃபேக்குப் போயிருந்தார். உள்ளறையில் கொக்கியில் தூளி தொங்கியது, பக்கத்து அலமாரியில் பெட்டி. தங்கை வில்லை வைத்த தலையணையில் தலை வைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள், நன்றாகத் தூங்கிவிட்டாள். நானும் அம்மாவும் வெளியறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம், கதவு திறந்தே இருந்தது.

கரண்ட் சிமிட்டியது. ஃபேன் ஒரு சுற்று தயங்கி மறுபடி பிடித்துக்கொண்டது. நான் பெட்டியைப் பார்த்தேன். விளக்கு அணைந்து பச்சை வந்தது. அந்தப் பச்சையை நான் நம்பத் தயாராக இல்லை.

கொஞ்ச நேரத்தில் தூளி ஆடியது. சிணுங்கல் வந்தது, அப்புறம் வீறிட்டு ஓர் அழுகை. அம்மா எழுந்துவிட்டார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுடி, அழுவுது."

"இரும்மா."

"கையை விடுன்றனே."

"யம்மா, கொஞ்சம் இரு."

தங்கை அசையவில்லை. குழந்தை மூச்சைப் பிடித்து இன்னொரு வீறல் வீறிட்டது. அம்மாவின் மணிக்கட்டில் நாடி என் விரலுக்கடியில் ஓடியது. பிடியை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

தங்கை எழுந்து உட்கார்ந்தாள். கண்ணைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, நேராகத் தூளிக்குப் போய் இரண்டு கையையும் உள்ளே விட்டு மகளை எடுத்தாள். தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். அழுகை விக்கலாகி, விக்கல் நின்றது. நாங்கள் இருவரும் அங்கே இருப்பதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் பிடியிலிருந்த அம்மாவின் கை தளர்ந்தது. அவர் வெகுநேரம் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அப்புறம் மூலையில் கொடியில் காயப்போட்டிருந்த தன் புடவைகளை ஒவ்வொன்றாக உருவி, மடித்து, அந்தப் பெரிய பையில் வைக்க ஆரம்பித்தார்.

"பொழுது போனா ஷேர் ஆட்டோல கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்," என்றார். "இப்பவே கெளம்பு, போலாம்."